இடது அடிவயிற்றில் வலியா? ‘கேஸ்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்!

2021 ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை. வாடிகன் புனித பேதுரு சதுக்கத்தில் கூடியிருந்த மக்களிடம், செப்டம்பரில் ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் போகப்போவதாக போப் பிரான்சிஸ் அறிவித்தார். உடல்நிலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று பிற்பகல் அவர் ரோம் நகரின் ஜெமெல்லி மருத்துவமனையில் சேர்ந்தார். இரவுக்குள் பெருங்குடலின் இடதுபக்கப் பகுதியை மருத்துவர்கள் வெட்டி எடுத்திருந்தார்கள். அப்போது அவருக்கு வயது 84. பத்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஜூலை 14 அன்று வாடிகன் திரும்பினார். பெருங்குடலில் உண்டான ‘டைவர்டிகுலர்’ நோயால் குடல் சுருங்கிப்போனதுதான் காரணம் என்று வாடிகன் தெரிவித்தது.

செய்தி படித்த பலருக்கு அந்த நோயின் பெயரே புதிதாக இருந்தது. நம்மூரில் குடல்வால் அழற்சி தெரியும், அல்சர் தெரியும், மூலம் தெரியும். டைவர்டிகுலைட்டிஸ் என்றால் வாயில் நுழையாது. ஆனால் 50 வயதைத் தாண்டிய ஒருவருக்கு இடது அடிவயிற்றில் விட்டு விலகாத வலியும் காய்ச்சலும் வந்தால், மருத்துவர் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டிய நோய்களில் இது ஒன்று.

குடலில் பை எப்படி உருவாகிறது?

பெருங்குடலின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். அதன் சுவருக்கு எல்லா இடத்திலும் ஒரே பலம் கிடையாது. உள்சவ்வுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு நாளங்கள் தசையைத் துளைத்து நுழையும் இடங்களில் சுவர் நலிந்திருக்கும். வருடக்கணக்காகக் குடலுக்குள் அழுத்தம் ஏறி இறங்கும்போது, அந்த நலிந்த இடங்களின் வழியே உள்சவ்வு வெளியே பிதுங்கிச் சிறு பையாகிறது. பழைய சைக்கிள் டயரின் வெடிப்பு வழியாக ட்யூப் புடைத்துக்கொண்டு வருமே, அப்படி. ஒவ்வொரு பையும் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். சிலருக்கு ஒன்றிரண்டு, சிலருக்குப் பல டஜன்.

மேலை நாடுகளில் இந்தப் பைகள் அதிகமாக வருவது இடது அடிவயிற்றில் வளைந்து இறங்கும் சிக்மாய்டு பகுதியில். பெருங்குடலிலேயே குறுகலான இடம் அது, அழுத்தமும் அங்குதான் அதிகம். ஜப்பான், கொரியா போன்ற கிழக்காசிய நாடுகளில் வலதுபக்கப் பெருங்குடலில்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. வலதுபக்கப் பை பழுத்தால் வலி அச்சு அசலாகக் குடல்வால் அழற்சி மாதிரியே இருக்கும். அப்பெண்டிக்ஸ் என்று நினைத்து வயிற்றைத் திறந்து பார்த்தபின்தான் உண்மை தெரிந்தது என்ற கதை மருத்துவ உலகில் அரிதல்ல.

பைகள் இருப்பது வேறு, அவை அழற்சி கண்டு பழுப்பது வேறு. முதலாவதன் பெயர் டைவர்டிகுலோசிஸ். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு இது உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் தராது. ஆசிய நாடுகளில் எண்ணிக்கை குறைவு. பைகள் உள்ளவர்களில் 100-க்கு 5 பேருக்கும் குறைவானவர்களுக்கே அவை பழுத்து டைவர்டிகுலைட்டிஸ் ஆகிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்த இடத்தில், ரிப்போர்ட்டின் ஓரத்தில் ‘டைவர்டிகுலோசிஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்காக மட்டும் மருந்தும் வேண்டாம், பயமும் வேண்டாம்.

நோயின் பெயர் தெரியும் முன்பே தொடங்கும் மருந்து

கவலைப்பட வேண்டியது பை பழுக்கும் இரண்டாவது நிலைக்குத்தான். அங்கே நாம் வழக்கமாகச் செய்வதைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது.

வலி தொடங்குகிறது. ‘வாயு பிடிச்சிருக்கு’ என்று பூண்டும் பெருங்காயமும். அடுத்த நாள் மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை, கூடவே ஒரு வலி மாத்திரை. மலம் சரியாகப் போகவில்லை என்றால் விளக்கெண்ணெய் அல்லது பேதி மாத்திரை. அதற்கும் கேட்கவில்லை என்றால் ‘குடலேற்றம்’ என்று சொல்லி, எண்ணெய் தடவி, வயிற்றை அழுத்தி நீவிவிடுபவரிடம் போவார்கள். காய்ச்சல் அடித்தால் யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் மிச்சம் இருப்பதை எடுத்து விழுங்குவார்கள். மூன்று நாள், நான்கு நாள் இப்படியே ஓடும்.

டைவர்டிகுலைட்டிஸ் விஷயத்தில் இவற்றில் பல தீங்கானவை. பழுத்து நிற்கும் குடலைப் பேதி மருந்தால் முடுக்குவதும், எனிமா கொடுப்பதும், வெளியிலிருந்து அழுத்துவதும் ஓட்டை விழும் ஆபத்தைத் தேடிப் போவது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளை அடிக்கடி சாப்பிடுபவர்களுக்குப் பை பழுப்பதும், பை வெடிப்பதும், பையிலிருந்து ரத்தம் கசிவதும் அதிகம் என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. மூட்டுவலிக்காக வருடக்கணக்காக இந்த மாத்திரைகளைச் சாப்பிடும் பெரியவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் வயிற்றுவலி என்று சொன்னால் வீட்டிலுள்ளவர்கள் இரண்டு மடங்கு கவனமாகக் கேட்க வேண்டும்.

வலியின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். வாயு வலி இடம் மாறும், வரும் போகும், ஏப்பம் விட்டாலோ வாயு பிரிந்தாலோ குறையும். டைவர்டிகுலைட்டிஸ் வலி ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும். நாளாக ஆக ஏறும். நடந்தாலோ இருமினாலோ அந்த இடம் குத்தும். கூடவே காய்ச்சல், குமட்டல், பசியின்மை, மலச்சிக்கல் அல்லது பேதி. பழுத்த குடல் சிறுநீர்ப்பையை உரசிக்கொண்டிருந்தால் சிறுநீர் அடிக்கடி வரும். அதனாலேயே ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று தவறாக முடிவு செய்வதும் நடக்கிறது.

வயதானவர்களிடமும், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களிடமும், புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்களிடமும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடமும் இந்த அடையாளங்கள் மங்கித்தான் தெரியும். குடல் ஓட்டையாகி இருந்தாலும் காய்ச்சல் பெரிதாக இருக்காது, வயிறும் கல்லாக இறுகாது. ‘கொஞ்சம் அசதியா இருக்கு, சாப்பிடப் பிடிக்கல’ என்பது மட்டுமே அவர்கள் சொல்லும் அறிகுறியாக இருக்கலாம்.

சி.டி. ஸ்கேன் என்ன காட்டுகிறது?

அனுபவமுள்ள மருத்துவர் கைவைத்துப் பார்த்து, ‘இது டைவர்டிகுலைட்டிஸ்தான்’ என்று சொன்னால்கூட அது சரியாக இருப்பது ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான். அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் தன் வழிகாட்டுதலில் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. இடது அடிவயிற்றில் அத்தனை சமாச்சாரங்கள் இருக்கின்றன. சிறுநீர்க் குழாயில் கல் இறங்கினாலும் வலி அங்கேதான். பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி முறுக்கிக்கொண்டாலும், கரு குழாயிலேயே தங்கிவிட்டாலும் வலி அங்கேதான். குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தாலும், குடலில் புற்றுநோய் இருந்தாலும் அங்கேயே வலிக்கலாம்.

ஆகவே வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் அவசியமாகிறது. ரத்தநாளத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனில், 100 பேரில் சுமார் 95 பேருக்கு நோய் பிடிபட்டுவிடும். குடல் சுவர் தடித்திருப்பது, சுற்றியுள்ள கொழுப்பு கலங்கியிருப்பது, சீழ்க்கட்டி இருந்தால் அதன் அளவு, குடலுக்கு வெளியே காற்று கசிந்திருக்கிறதா என்பது வரை தெரியும். கான்ட்ராஸ்ட் கொடுக்கும் முன் கிரியாட்டினின் பார்ப்பது சிறுநீரகத்தைக் காப்பதற்காக. சர்க்கரை நோயாளிகள் இதைக் கேட்டே வாங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. பயன்படும். மற்றவர்களுக்கும் அல்ட்ராசவுண்டு உதவும் என்றாலும், பார்ப்பவரின் கைத்திறனைப் பொறுத்தது அது. உடல் பருமனும் குடலில் நிறைந்த வாயுவும் படத்தை மறைத்துவிடும்.

ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்களையும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவையும் பார்ப்பார்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் உள்ளே சிக்கல் இருக்கலாம் என்று மருத்துவர் உஷாராவார்.

கொலனோஸ்கோபி இந்த நேரத்தில் கூடாது. காற்று செலுத்திக் குடலை விரிக்கும் பரிசோதனை அது, பழுத்த இடம் கிழிந்துபோகலாம். வலி அடங்கி ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துச் செய்ய வேண்டும், செய்தே ஆகவும் வேண்டும். அண்மையில், ஓராண்டுக்குள், நல்ல முறையில் செய்திருந்தால் மட்டும் விலக்கு. ஸ்கேனில் டைவர்டிகுலைட்டிஸ் போலத் தெரியும் தடிப்புக்குள் சில நேரம் புற்றுநோய் ஒளிந்திருக்கும். சீழ்க்கட்டி, ஓட்டை என்று சிக்கலானவர்களில் 100-க்கு ஏறத்தாழ 8 பேரிடம் பின்னர் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சாதாரண நிலையில் அது 100-க்கு ஒருவர் அளவில்தான். ‘வலிதான் போயிடுச்சே, இனி எதுக்கு டியூப் விடணும்’ என்று இந்தக் கட்டத்தில் கழன்றுகொள்பவர்கள், காப்பாற்றக்கூடிய புற்றுநோயைக் கைநழுவவிடலாம்.

ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் தேவையா?

நெடுங்காலமாக எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: டைவர்டிகுலைட்டிஸ் என்றால் ஆன்டிபயாடிக். அதைச் சோதித்துப் பார்க்க ஸ்வீடன், ஐஸ்லாந்து மருத்துவர்கள் துணிந்தார்கள். சி.டி. ஸ்கேனில் உறுதியான, சிக்கல் இல்லாத நோயாளிகள் 623 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்குக் கொடுக்கவில்லை. 2012-இல் வெளியான முடிவு மருத்துவ உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. சீழ்க்கட்டியோ ஓட்டையோ வந்தவர்கள் ஒரு பிரிவில் சுமார் 1 சதவீதம், மற்றதில் சுமார் 2 சதவீதம். புள்ளியியல்படி அது வித்தியாசமே அல்ல. ஓராண்டுக்குள் நோய் திரும்பியதும் இரு பிரிவிலும் ஒரே அளவு. நெதர்லாந்தில் 528 பேரிடம் நடந்த ஆய்வும் 2017-இல் இதையே உறுதி செய்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. அந்த ஆய்வுகளில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஸ்கேன் எடுத்து, சீழும் ஓட்டையும் இல்லை என்று உறுதி செய்திருந்தார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், கடும் காய்ச்சலோடு வந்தவர்கள், சி.ஆர்.பி. மிக அதிகமானவர்கள், சீழ்க்கட்டி உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆன்டிபயாடிக் கட்டாயம். பலருக்கு ஊசி வழியாக, மருத்துவமனையில் தங்கி. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்லக்கூடியது ஸ்கேன்தான். நாமோ ஸ்கேன் எடுக்காமலே ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிடுகிறோம். தேவையற்றவர் விழுங்குகிறார், தேவையானவருக்குப் போதாத அளவு போகிறது. கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போய்க்கொண்டிருக்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

சிக்கல் இல்லாதவர்களுக்கு வீட்டிலேயே சிகிச்சை போதும். வலிக்குப் பாராசிட்டமால். முதல் ஓரிரு நாள் இளநீர், வடிகட்டிய கஞ்சித் தெளிவு, ரசத் தெளிவு என்று நீர் ஆகாரம். வலி குறையக் குறையக் குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம். இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்காவிட்டால் மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும்.

சிக்கலானவர்களின் கதை வேறு. கனடாவின் அறுவை சிகிச்சை நிபுணர் ஹிஞ்சி 1978-இல் வகுத்த நான்கு படிநிலைகளைத்தான் மருத்துவர்கள் இன்றும் அடிப்படையாகக் கொள்கிறார்கள். குடலை ஒட்டிய சிறு சீழ்க்கட்டி முதல் நிலை. இடுப்புக்குழிக்குள் சேரும் பெரிய சீழ்க்கட்டி இரண்டாவது. சீழ் வயிறு முழுக்கப் பரவுவது மூன்றாவது. மலமே வயிற்றுக்குள் கொட்டுவது நான்காவது. மூன்று, நான்கு சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டியை ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தி, சிறு குழாய் வழியே வடித்துவிடலாம், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு நிலைகளில் உடனடி அறுவை சிகிச்சை, ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

அந்த அறுவை சிகிச்சையில் கெட்டுப்போன குடலை எடுத்துவிட்டு, மேல்முனையை வயிற்றுச் சுவர் வழியே வெளியே கொண்டுவந்து, மலம் சேரப் பை பொருத்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் ஹார்ட்மன் பெயரால் வழங்கும் முறை இது. சில மாதம் கழித்துக் குடலை மறுபடி இணைத்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் வயது, வேறு நோய்கள் காரணமாகக் கணிசமானோருக்கு அந்த இரண்டாம் அறுவை சிகிச்சை நடக்காமலே போய்விடுகிறது. உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு முதல் தடவையிலேயே குடலை இணைத்துவிடுவது நல்லது என்று ஐரோப்பிய ஆய்வுகள் சொல்கின்றன. வயிற்றில் பையோடு வாழ்வதை நம் குடும்பங்கள் இன்னும் ஒளித்து மறைக்கின்றன. கல்யாணத்துக்குப் போவதில்லை, பேருந்தில் ஏறுவதில்லை. அப்படி ஒடுங்க வேண்டியதே இல்லை. பையை மாற்றப் பழகிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிக்காமல் இருந்தாலே பாதி பாரம் இறங்கும்.

‘இரண்டு தடவை வந்துவிட்டால் குடலை வெட்டிவிட வேண்டும்’ என்ற பழைய விதி இன்று கைவிடப்பட்டுவிட்டது. ஓட்டை விழும் ஆபத்து பெரும்பாலும் முதல் தாக்குதலில்தான் அதிகம். முதல் தாக்குதலுக்குப் பிறகு பத்து ஆண்டுகளில் ஐந்தில் ஒருவருக்கு மட்டுமே நோய் திரும்புகிறது. குடல் சுருங்கிவிட்டவர்களுக்கு, குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே துவாரம் விழுந்தவர்களுக்கு, வலி வாழ்க்கையையே முடக்கியவர்களுக்குத் திட்டமிட்ட அறுவை சிகிச்சை பலன் தரும். சிறுநீரோடு காற்றுக்குமிழி வருகிறது என்று யாராவது சொன்னால் அலட்சியம் வேண்டாம், அந்தத் துவாரத்தின் அடையாளம் அது.

ரத்தம் என்றால் மூலம்தானா?

மலத்தில் ரத்தம் என்றதும் மூலம் என்று நினைத்துக்கொள்கிறோம். சுவரொட்டி பார்த்து, ‘ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்ற இடங்களுக்கும் போகிறோம். வயது வந்தவர்களுக்குக் கீழ்க்குடலிலிருந்து திடீரென ஏராளமாக ரத்தம் போவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இந்தப் பைகள்தான். வலியே இருக்காது. கழிப்பறை சிவந்துபோகும் அளவு ரத்தம் போகும், தலைசுற்றும். நான்கில் மூன்று பேருக்குத் தானாகவே நின்றுவிடும் என்றாலும், நின்றுவிட்டது என்று வீட்டில் படுத்துக்கொள்வது ஆபத்து. மருத்துவமனையில் கொலனோஸ்கோபி வழியே ரத்தக்கசிவைக் கிளிப் போட்டு நிறுத்தவோ, ரத்தநாளம் வழியே அடைக்கவோ முடியும். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வயிற்றுவலிக்கு நம் ஊரில் இன்னொரு காரணத்தையும் மறக்கக் கூடாது: குடல் காசநோய். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வலது அடிவயிற்றில்தான் அது அதிகம் வரும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, விட்டு விட்டு வயிற்றுவலி. குடல் அழற்சி நோயான கிரோன் என்று தவறாக முடிவு செய்து ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவிவிடும். திசு எடுத்துச் சோதித்துப் பார்க்காமல் அங்கே சிகிச்சை தொடங்கக் கூடாது. மலம் கழித்தால் குறையும் வலி, உப்புசம், ஒரு நாள் பேதி ஒரு நாள் மலச்சிக்கல் என்று மாதக்கணக்கில் ஓடினால் அது ஐ.பி.எஸ். எனும் எரிச்சல் குடல் நோயாக இருக்கலாம், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் காய்ச்சலும் ரத்தமும் எடை குறைவும் ஐ.பி.எஸ். நோயில் வருவதில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு நோயைத் தேட வேண்டும்.

கொய்யா விதை மேல் விழுந்த பழி

பையில் விதை மாட்டிக்கொண்டு பழுத்துவிடும் என்று பல தலைமுறை மருத்துவர்கள் நம்பினார்கள். கொய்யா, தக்காளி, எள், வேர்க்கடலை எல்லாம் தடை. அமெரிக்காவில் 47,228 ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2008-இல் இந்த நம்பிக்கையை உடைத்தது. கொட்டை வகைகளையும் சோளப்பொரியையும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவாகத்தான் வந்திருந்தது. இன்றும் நோயாளிகள் கொய்யாவைத் தொடப் பயப்படுகிறார்கள். 100 கிராம் கொய்யாவில் சுமார் 5 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. தள்ளிவைக்க வேண்டியதைச் சாப்பிட்டு, சாப்பிட வேண்டியதைத் தள்ளிவைக்கிறோம்.

நார்ச்சத்துக் குறைவே இந்த நோய்க்கு மூலகாரணம் என்று 1971-இல் எழுதியவர்கள் பெயின்டர், பர்கிட் என்ற இரு மருத்துவர்கள். உகாண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய அறுவை சிகிச்சை நிபுணர் டெனிஸ் பர்கிட், ஆப்பிரிக்க கிராமங்களில் இந்த நோய் அரிதாக இருப்பதைக் கவனித்தவர். பைகள் உருவாவதற்கு நார்ச்சத்துக் குறைவு மட்டுமே காரணமா என்பதில் பின்னாளில் கேள்விகள் எழுந்தன. பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு என்று இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பை பழுத்து மருத்துவமனைக்குப் போகும் நிலையைத் தடுப்பதில் நார்ச்சத்தின் பங்கு நிலைத்து நிற்கிறது. பிரிட்டனில் 47,000 பேரைக் கவனித்த ஆய்வில், சைவ உணவுக்காரர்களுக்கு இந்த ஆபத்து 31 சதவீதம் குறைவு. உடல் பருமன், புகை, அசையாத வாழ்க்கை, அதிக மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன.

குணமான பிறகும் வருடக்கணக்கில் ரசம் சாதமே கதி என்று இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: மெல்ல மெல்லக் கம்பு, கேழ்வரகு, கீரை, வாழைத்தண்டு, கொண்டைக்கடலைச் சுண்டல் எல்லாவற்றுக்கும் திரும்புங்கள். ஒரே நாளில் கூட்டினால் உப்புசம் வரும். வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் சேர்த்து.

இடது அடிவயிற்றிலோ வலது அடிவயிற்றிலோ ஒரே இடத்தில் நிற்கும் வலியும் காய்ச்சலும் ஒரு நாளைத் தாண்டினால் அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். வயிறு பலகையாக இறுகினால், ரத்தம் போனால், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் வசதி குறைந்த கட்டணத்தில் கிடைக்கிறது. போகும்போது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையையும், சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளையும், பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.